மச்சான் வாசலுக்கு ஒரு வண்டி

குடுக்கறதில்லீங்க தம்பி. வெலையே சொல்லாதீங்க. நீங்க மொத ஆளு இல்ல. இந்த பேக்கரியில டீ குடிக்க நிறுத்துனா, வாரத்துக்கு ஒருத்தராச்சும் வந்து வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு "ஏனுங்க, குடுப்பீங்களா"ன்னு கேக்கறாங்க. போன வாரம் பெங்களூர்க்காரரு ஒருத்தரு டேங்கைக் கட்டிப் புடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்குங்கன்னு உட்டுட்டேன். போட்டோ எடுத்தா தேஞ்சா போகுது.

உக்காருங்க, நின்னுக்கிட்டு எதுக்கு? தம்பிக்கு ஒரு டீ போடுங்க. எனக்கு சக்கரை கம்மி. தேங்கா பன் சாப்பிடறீங்களா? இங்க நல்லாயிருக்கும். எனக்கு வேண்டாங்க, நான் போற எடத்துல இட்லி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

தொண்ணூத்திமூணு மாடலுங்க. ரெண்டு சைலன்சரு. அந்தக் கம்பெனியே மூடிட்டுப் போயிருச்சு. பத்தொம்பது வருசம் என்ற மாட்டுச் சாளையில நின்ன வண்டின்னு சொன்னா நம்புவீங்களா? இன்னைக்குப் பாருங்க, ஒரே ஒதை. ரெண்டாவது ஒதை கேக்கறதில்ல. எல்லாம் நானே சரி பண்ணுனதுங்க. என்ற பேரு சென்னியப்பன், பால் சொசைட்டியில முப்பத்தொரு வருசம் செக்ரட்டரியா இருந்து ரிட்டையர் ஆனவன். நான் கை வெச்சு ஒரு சாமான் சரியாகாமப் போனதில்ல, பெருமைக்குச் சொல்லலீங்க. லாசருன்னு ஒரு மெக்கானிக்கும் கூடமாட இருந்தான். இல்லைன்னு சொல்லல.

ஏன் பத்தொம்பது வருசம் நின்னுதுன்னுதானே கேக்கறீங்க. என்ற மச்சானாலதானுங்க. ஊட்டுக்காரியோட அண்ணன், குழந்தைவேலுன்னு பேரு. தாசம்பாளையம், இங்கிருந்து பன்னெண்டு கிலோமீட்டரு.

என்ற மாமனாரு எங்க கல்யாணத்தப்ப ஒரே நாள்ல ரெண்டு வண்டி எடுத்தாரு. ஒண்ணு மருமகனுக்கு, ஒண்ணு மகனுக்கு. ஒரே மாடலு, ஒரே கலரு. நம்பரு கூட அடுத்தடுத்த நம்பரு. நம்முளுது நாலாயிரத்து நானூத்திப் பதினேழு, மச்சானுது பதினெட்டு. அப்பெல்லாம் ரெண்டு பேரும் சோடி போட்டுக்கிட்டுத்தான் சுத்துவோம். பண்ணாரிக்குப் போவோம், சினிமாவுக்குப் போவோம். ஊர்ல எங்களைப் பாத்து ரெட்டப் புள்ளைங்கன்னு கேலி பேசுவாங்க.

ரெண்டாயிரத்தி அஞ்சுல அவங்க ஊர்ல கருப்பணசாமிக்குக் கெடா வெட்டு. சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருக்குது. நானு, ஊட்டுக்காரி ருக்மணி, அப்ப எட்டு வயசு எங்க புள்ளை அபிநயா, மூணு பேரும் இந்த வண்டியிலதான் போறோம். ஊரு எல்லையில ஒரு கடையில டீ குடிச்சுட்டு எடுத்தேன். கோயில் மேட்டுல பாதி ஏறுனப்ப பொட்டுன்னு நின்னுபோச்சு. ஒதைக்கறேன். ஒதைக்கறேன். செருப்பு வார் அந்து போச்சு, அப்பவும் ஒதைக்கறேன். வண்டி மூச்சு உடல.

அப்ப மச்சான் டிராக்டர்ல பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு வந்தாரு. எறங்குனாரு. "உடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்"னாரு. பாத்துக்கறதுன்னா என்னங்க? ஒரு ஓரமா நிறுத்தலாம், ரெண்டு பேரா தள்ளலாம். இவரு மாட்டுக் கவுத்த எடுத்து டிராக்டர்ல ஒரு முனை, வண்டியில ஒரு முனை கட்டிப்போட்டாரு. நான் வண்டி மேல உக்காந்து ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கோணும். டிராக்டர் டிரெய்லர்ல இருவது பொம்பளைங்க, என்ற பொண்டாட்டி புள்ளை உள்பட, எல்லாரும் என்னையப் பாத்தாப்பல உக்காந்திருக்கறாங்க. கோயில் வாசல்ல பறை அடிக்கறாங்க. நான் கவுத்துல கட்டின கெடாவாட்டம் வந்து சேர்றேன். என்ற புள்ளை கை தட்டுதுங்க, ஊர்கோலம்னு நெனைச்சுக்கிட்டு.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பந்தியில உக்காந்திருக்கறேன், மச்சான் கறி போட்டுக்கிட்டே வந்தாரு. என்ற எலைக்கு வந்ததும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, "மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியுது, வெச்சுக்கத்தான் தெரியல." பந்தியே சிரிச்சுது. எதுத்தாப்பல இருந்த அறுவது வயசு ஆளுக்குப் புரையேறிப் போச்சு.

எந்திரிச்சுட்டேன். எலையில கறி கெடக்குது, ஒரு வாய் கூட வெக்கல, எந்திரிச்சுட்டேன். அத்தனை பேரு முன்னால சொன்னேன். "இந்த வண்டிய யாரும் தள்ளாம, கவுறு கட்டாம, என்ற காலால ஒதைச்சு ஓட்டிக்கிட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்துறன்னைக்குத்தான் உங்க வாசப்படி மிதிப்பேன்." சொல்லிட்டு ஒரு டெம்போ புடிச்சு வண்டிய ஏத்திக்கிட்டு வந்துட்டேன்.

என்னங்க? அடுத்த நாளே சரி பண்ணிட்டுப் போயிருக்கலாமேன்னா? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. அடுத்த நாளே போயி நின்னா சொன்ன சொல்லுக்கு என்னங்க மரியாதை? ஒரு ஆறு மாசம் போகட்டும்னு சாளையில நிறுத்துனேன். அப்பறம் மழை, அப்பறம் சொசைட்டி எலக்சன், அப்பறம் எருமைக்கு ஒடம்பு சரியில்ல. அப்படியே போயிருச்சு.

ருக்மணி போக வர இருந்தா, பஸ்ல. நான் தடுக்கல. அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நான் யாருங்க? மச்சான் புது ஊடு கட்டுனாரு, நான் போகல. மாமனாரு தவறுனாரு, அதுக்குக்கூட சுடுகாட்டுக்கு நேரா போயி ஓரமா நின்னுட்டு வந்துட்டேன், வாசப்படி மிதிக்கல. விசேசங்கள்ல அவரு கெழக்க உக்காந்தா நான் மேக்க உக்காருவேன். ரோசமுன்னா ரோசம்.

இப்படியே போயிருக்கும். போன வருசம் எங்க அபிநயாவுக்குக் கல்யாணம் கூடிருச்சு.

பத்திரிகை அச்சடிச்சு எண்ணூறு வந்து எறங்கிருச்சு. எங்க பக்கம் ஒரு மொறை இருக்குதுங்க. கொலசாமிக்கு ஒண்ணு வெச்சுட்டு, அடுத்தது தாய்மாமனுக்குத்தான். புருசனும் பொண்டாட்டியுமா அவரு ஊட்டுக்குப் போயி, தட்டத்துல வெச்சுக் குடுத்து அழைக்கோணும். அதுக்கப்பறந்தான் மத்தவங்களுக்கு. பொண்ணு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டாமக் கல்யாணம் நடக்காது. அழைக்காம அவரும் வரமாட்டாரு, வந்தா மரியாதையுமில்ல.

ருக்மணி சொன்னா, "கார் எடுங்க, போயிட்டு வந்துருவோம்." நான் சொன்னேன், "வண்டியிலதான் போறது." அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. "எங்கண்ணன் பட்டம் கட்டலைன்னா என்ற புள்ளைக்குக் கல்யாணமில்ல. அந்த எண்ணூறையும் அடுப்புல போட்டுக் காப்பி வெச்சுக் குடுக்கறேன், குடியுங்க"ன்னுட்டுப் போயிட்டா. கல்யாணத்துக்கு அப்ப ரெண்டு மாசம் இருக்குது. ரெண்டு மாசம் எனக்கு எதேஷ்டம்னு நெனைச்சேன்.

அடுத்த நாள் காத்தால சாளைக்குள்ள போயி வண்டி மேல மூடியிருந்த கோணிச்சாக்கை எடுக்கறேன், உள்ளுக்குள்ள இருந்து ஒண்ணு "கொர்ர்"ருங்குது. அடைக்கோழிங்க. சீட்டு ரெக்சின் கிழிஞ்சு உள்ள இருந்த பஞ்சு குழிஞ்சு போயிருந்துது. அதுல பதினொரு முட்டைய வெச்சுக்கிட்டு மகாராணியாட்டம் உக்காந்திருக்குது. தூக்கலாம்னு கைய வெச்சேன், ருக்மணி சாணிக் கூடையோட வந்து நின்னா. "கல்யாண ஊட்டுல அடைக்கோழியக் கலைப்பீங்களா? நல்லாயிருக்குதா உங்களுக்கு? குஞ்சு பொரிக்கட்டும்." எப்பப் பொரிக்கும்? "வெச்சு அஞ்சு நாள்தான் ஆகுது." இன்னும் பதினாறு நாளுங்க தம்பி! ரெண்டு மாசத்துல பதினாறு நாள கோழி எடுத்துக்கிச்சு.

நான் சும்மா இருப்பனா? கோழிய எழுப்பாம வேலை பாத்தேன். டேங்க் நட்டு ஒவ்வொண்ணா, சத்தமில்லாம. ஒரு திருப்பு திருப்புவேன், அது ஒரு கண்ணுல என்னையப் பாக்கும், நிறுத்திக்குவேன். கண்ண மூடும், மறுபடி ஒரு திருப்பு. மூணு நாளாச்சு டேங்கைக் கழட்ட.

டேங்குக்குள்ள அத்தனையும் துரு. லாசரு வந்து பாத்தான். அவனுக்கு எங்க ஊரு ரோட்டு மேல பட்டறை. அம்பது வயசு, கம்மியாப் பேசுவான். டேங்குக்குக் கீழ பெட்ரோல் டேப்பு ஒண்ணு இருக்குமில்லீங்க, நிறுத்துனா மூடோணும், எடுக்கறப்பத் தெறக்கோணும். அதைப் புடிச்சுத் திருப்பிப் பாத்தான். "அண்ணா, அன்னைக்கு டீ குடிச்சுட்டு எடுத்தீங்களே, டேப்பைத் தெறந்தீங்களா? இது மூடியே இருக்குது"ங்கறான். அது யாருக்குங்க ஞாபகம் இருக்குது, பத்தொம்பது வருசத்துக்கு முந்தி நடந்தது? நடுவுல கோழி கீழி திருப்பியிருக்கும்னேன். லாசரு கோழியப் பாத்தான்.

துருவை எடுக்கறதுக்கு நான் ஒரு ரோசனை பண்ணுனேன். புளித்தண்ணி. சொசைட்டியில பித்தளை அளவையெல்லாம் அப்படித்தான் தேய்ப்போம். அட்டாலி மேல ஒரு பானையில புதுப்புளி இருந்துது, எடுத்துக் கரைச்சு டேங்குக்குள்ள ஊத்தி, கைநெறைய பழைய நட்டு போல்ட்டும் போட்டு மூடி, வேப்பமரத்துல கவுத்துல தொங்கவிட்டு ஆட்டுனேன். புள்ளைக்குத் தூரி ஆட்டுறாப்பல ஒரு நாள் முழுக்க ஆட்டுனேன். ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் தண்ணியக் கவுத்துனா, உள்ள வெள்ளித் தட்டமாட்டம் மின்னுதுங்க! அது என்ற கைவேலை, லாசருக்கே தெரியாத வித்தை. அந்தப் புளி கல்யாணச் சமையலுக்குன்னு ருக்மணி கொட்டை எடுத்து வெச்சதுன்னு எனக்கு ஆரு சொன்னாங்க? நாலு நாளு புளியில்லாத கொழம்புதான் ஊத்துனா. ஒண்ணும் பேசாம ஊத்துனா. அதுதான் பயமா இருந்துது.

பதினாறாம் நாள் குஞ்சு பொரிச்சுது. ஒம்போது. எறக்கிட்டு சீட்டைத் தொடைச்சு, புதுசாப் பெட்ரோல் வாங்கி ஊத்தி ஒதைச்சேன். வண்டி அசையல. எனக்குப் பொறி தட்டுச்சு. பெட்ரோல்ல கலப்படம்! பால்ல தண்ணி கலந்தா முப்பத்தொரு வருசம் கண்டுபுடிச்சவன் நானு. பெட்ரோல் என்ன பெரிசு? ஊட்டுல லாக்டோமீட்டர் ஒண்ணு வெச்சிருந்தேன், பால்ல மெதக்கவிட்டுப் பாக்கறது. ஒரு சொம்புல பெட்ரோலை ஊத்தி அதை விட்டேன். கல்லாட்டம் அடியில போயி உக்காந்துக்கிச்சுங்க! தண்ணியில விட்டாக்கூட மேல நிக்கும். இத்தனை கலப்படத்தை நான் பாத்ததேயில்ல.

சொம்போட பெட்ரோல் பங்குக்குப் போயிட்டேன். மேனேஜரைக் கூப்புட்டு, வரிசையில நின்ன ஜனம் முன்னால விட்டுக் காட்டுறேன். "என்னய்யா இது?" "இது என்ன மிசினுங்க?"ங்கறான். "லாக்டோமீட்டர்!"ங்கறேன். வரிசையில நின்ன பால்காரன் ஒருத்தன், நான் அந்தக் காலத்துல மூணு தடவ புடிச்சவன், அவன்தான் மொதல்ல சிரிச்சான். லாசரு எங்கிருந்தோ ஓடியாந்து என்ற கையப் புடிச்சு இழுத்தான். "அண்ணா, அது பாலுக்குங்க. பெட்ரோலு தண்ணிய விட லேசு. வாங்க போலாம்." எனக்கு அது தெரியாதா? சோதிச்சுப் பாக்கறதுல என்ன தப்புங்க.

அப்பறம் லாசரு கழட்டிப் பாத்தான். உள்ள ஒரு காயில் கருகிக் கெடக்குது, அது இல்லாமப் பொறி வராது. கார்ப்ரேட்டர்ல அடைப்பு. பெட்ரோலும் காத்தும் கலக்கற எடம் அது. "காயிலு வேற தேடிக்கலாம், இதுல அடைப்பு எடுத்தாப் போதுங்ணா, நாளைக்கு வர்றேன், நீங்க கை வெக்காதீங்க"ன்னுட்டுப் போனான். அவன் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? ஒரு ஸ்குரு இறுகிப் போயிருந்துது. சுத்தியால லேசாத்தான் தட்டுனேன். கார்ப்ரேட்டர் தானா ரெண்டா ஒடஞ்சுக்கிச்சு.

லாசரு மறுநாள் வந்து ரெண்டு துண்டையும் கையில எடுத்து, சேத்து வெச்சுப் பாத்தான், பிரிச்சு வெச்சுப் பாத்தான். "இது இனிக் கெடைக்காதுங்ணா"ன்னான். கோயமுத்தூர், திருப்பூர், சேலம், எல்லாப் பக்கமும் போன் போட்டான். கெடைக்கல. கல்யாணத்துக்கு இருவத்தேழு நாள் இருக்குது.

அன்னைக்கு ராத்திரி சோறு திங்கறப்ப அபிநயா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. ஒரு பத்திரிகையக் கையில வெச்சுக்கிட்டு இருந்துச்சு. "அப்பா, மாமன் பேரை இதுல போட்டிருக்குதுங்கப்பா. பேரைப் போட்டுட்டு ஆளு வரலீன்னா அந்த ஊட்ல என்னைய என்னன்னு கேப்பாங்க?" அவ்வளவுதான் கேட்டுச்சு. அழுகல. அழுதிருந்தாச் சத்தம் போட்டு அடக்கியிருப்பேன். காத்தால கார் எடுத்துக்கிட்டுப் போயிரலாமான்னு கூடத் தோணுச்சு. தோணுச்சுன்னு இப்ப உங்ககிட்டத்தான் சொல்றேன். வாய் வரைக்கும் வந்துது, வெளிய வரல. பத்தொம்பது வருசம் புடிச்சு வெச்ச வாயி, சட்டுன்னு தெறக்க மாட்டேங்குது.

நான் கை கழுவிட்டு வர்றேன், ருக்மணி ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தா. யாருன்னு கேட்டா "சித்தி"ங்கறா. அவ சித்திக்குக் காதே கேக்காது, அரை மணி நேரமா என்ன பேசுனாளோ.

மூணாம் நாளு லாசரு ஒரு கார்ப்ரேட்டரோட வந்து நிக்கறான்! அதே மாடலு. துளி துரு இல்ல. அப்பத்தான் வண்டியில இருந்து கழட்டுன மாதிரி பெட்ரோல் வாசம் அடிக்குது. ஏன்டா, கெடைக்காதுன்னியேன்னா, "கோயமுத்தூர்ல ஒருத்தரு வெச்சிருந்தாருங்ணா"ங்கறான். ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொண்டாந்தான். பையில என்ன அச்சடிச்சிருக்குதுங்கறீங்க? "குழந்தைவேலு இல்லப் புதுமனை புகுவிழா." நான் உடுவனா? "ஏன்டா, இது என்ற மச்சான் பேரில்ல?"ன்னு கேட்டேன். லாசரு சித்தெ நேரம் பையவே பாத்துட்டு, "அந்தக் கோயமுத்தூர்க்காரரு பேரும் அதுதானுங்ணா"ன்னான். இருக்கும். எத்தனை குழந்தைவேலு இருக்கறாங்க இந்த நாட்டுல!

அந்தக் கோயமுத்தூர்க்காரரு தங்கமான மனுசனுங்க. காயிலு வேணும்னு லாசரு சொன்னான், ரெண்டு நாள்ல அதே பையில காயிலு வந்துது. சைடு கவர் ஒரு பக்கம் இல்ல, வந்துது. கிக்கருக்கு ரப்பரு, வந்துது. நான் வாய்ல ஒரு சாமான் பேரச் சொன்னாப் போதும், ருக்மணி சித்திக்குப் போன் பண்ணப் போயிருவா, இங்க சாமான் வந்து நிக்கும். என்ற நேரம் அப்படி அமைஞ்சுது. சீட்டுக்குப் புது ரெக்சின் நானே புடிச்சேன், கோணலாத்தான் இருக்குது, ஆனா என்ற கையால.

கல்யாணத்துக்குப் பதினாலு நாள் இருக்கறப்ப, ஒரு சாயங்காலம், ஒதைச்சேன். ரெண்டு சைலன்சர்லயும் பொகை கெளம்பி சாளையே தெரியல. சத்தத்துல எருமை கவுத்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. கோழி ஒம்போது குஞ்சையும் கூட்டிக்கிட்டுக் கூரை மேல போயிருச்சு. நான் பொகைக்குள்ள நின்னு அழுதேன். பொகையினாலதான்னு ருக்மணிகிட்டச் சொன்னேன். அவளுக்கும் பொகைதான்னு சொன்னா.

ஞாயித்துக்கெழமை கெளம்புனோம். தட்டத்துல வெத்தலை பாக்கு, தேங்கா, பழம், பத்திரிகை எல்லாம் வெச்சு, துணியில கட்டி மடியில வெச்சுக்கிட்டு ருக்மணி பின்னால உக்காந்தா. எங்க ஊர்ல இருந்து முப்பத்தொரு கிலோமீட்டரு. "டேப்பைத் தெறந்தீங்களா?"ன்னு மூணு தடவ கேட்டா. மூணு தடவையும் தெறந்திருந்துது. அந்தக் கோயில் மேடு வந்துது. ரெண்டாவது கியரு. என்ற தோளை அழுத்திப் புடிச்சுக்கிட்டா, நகம் பதியற மாதிரி. வண்டி முக்குச்சு, முனகுச்சு, ஏறிருச்சுங்க! மேட்டு மேல போனதும் அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கல்யாணமான புதுசுல கேட்டது.

மச்சான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கேட்டுக்கு வெளிய ரோட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. நாங்க வர்றது அவருக்கு எப்படித் தெரியும்? வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். தலை முழுக்க நரைச்சுப் போச்சு. கிட்ட நின்னு பாத்து பத்தொம்பது வருசமாச்சில்லீங்களா? கார்ப்ரேட்டர், சைடு கவர்னு வண்டிய ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்து, "வாங்க மாப்பிள்ளை"ன்னாரு. நான் ஆயிரம் பேசோணும்னு வழியெல்லாம் சேத்து வெச்சிருந்தேன். "வந்துட்டேனுங்க மச்சான்"னு மட்டுந்தான் வந்துது. வாசப்படியக் கையால தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் உள்ள போனேன். ஏன் கும்புட்டேன்னு எனக்கே தெரியல.

நாட்டுக்கோழி அடிச்சு, பந்திப்பாய் விரிச்சு, எலையெல்லாம் அறுத்துக் கழுவி வெச்சிருந்தாங்க. ஞாயித்துக்கெழமைக்கு எப்பவும் அப்படித்தான் செய்வாங்களாட்டருக்குது. தட்டத்தைக் குடுத்து அழைச்சோம். "என்ற மருமகளுக்குப் பட்டம் கட்டாம ஆருக்குக் கட்டப் போறேன்"னு சொல்லி வாங்கிக்கிட்டாரு. கறி போட்டாரு. எந்திரிக்காமத் தின்னேன். ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன்.

கை கழுவப் பின்னால போனேன், தொண்டுபட்டியில மாடுங்களுக்கு நடுவுல அவரு வண்டி நிக்குது. பதினெட்டு. கார்ப்ரேட்டர் இல்ல. காயில் இல்ல. ஒரு பக்கம் சைடு கவர் இல்ல. கிக்கருக்கு ரப்பர் கூட இல்ல. எனக்கு எதெது கெடைச்சுதோ, அததெல்லாம் அங்க இல்ல பாத்துக்குங்க. ஒரே கம்பெனி வண்டியில்லீங்களா, ஒரே மாதிரி கெட்டிருக்குது. கல்யாணம் கூடுற வரைக்கும் தோட்டத்துக்கு அதுலதான் போவாருன்னு ருக்மணி சொல்லியிருக்கறா. இத்தனை சீக்கிரம் இப்படிப் பண்ணி வெச்சிருக்கறாரு.

என்னால சொல்லாம இருக்க முடியல. "என்ன மச்சான், வண்டிய இப்படியா வெச்சுக்கறது?"ன்னு கேட்டுட்டேன். ருக்மணி சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ள ஓடிட்டா. மச்சான் பொண்டாட்டி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. மச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கு வெச்சுக்கத் தெரியலீங்க மாப்பிள்ளை"ன்னாரு. பாவமாப் போச்சு தம்பி. பழசெல்லாம் மறந்துட்டேன். "கவலைப்படாதீங்க, கல்யாணம் முடியட்டும், நானே வந்து ஓட வெச்சுத் தர்றேன். கோயமுத்தூர்ல எனக்கு ஒரு ஆளு இருக்கறான், கேட்ட சாமான் எல்லாம் குடுப்பான்"னேன். "உங்க இஷ்டமுங்க மாப்பிள்ளை. எனக்கு அவசரமில்ல. பொறுமையா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையா வந்து பாருங்க"ன்னாரு.

கல்யாணம் நல்லபடியா நடந்துது. பட்டம் கட்டி முடிச்சதும் அபிநயா மச்சான் கையப் புடிச்சுக்கிட்டுச்சு. ஜனமெல்லாம் பாத்துது.

அதுல இருந்து ஞாயித்துக்கெழமை ஆனா நான் தாசம்பாளையந்தான். பத்து மாசமாச்சு. போனதும் இட்லி. அப்பறம் தொண்டுபட்டியில பாயப் போட்டு உக்காந்துக்குவோம். நான் கழட்டுவேன், அவரு நட்டைக் கிண்ணத்துல போட்டு வெச்சுக்குவாரு. மாமனாரைப் பத்திப் பேசுவோம், பண்ணாரி போனதைப் பேசுவோம். மத்தியானம் சோறு. ஒரு தூக்கம். சாயங்காலம் கழட்டுனதையெல்லாம் திரும்ப மாட்டிட்டு வந்துருவேன். சாமான் கெடைக்கோணுமில்லீங்க? அந்தக் கோயமுத்தூர்க்காரன் என்ன ஆனானோ, இந்தத் தடவ ஒரு சாமான் கூடக் கெடைக்கல. லாசருகிட்டக் கேட்டா மேல பாக்கறான், கீழ பாக்கறான்.

ஒரு மாசத்துக்கு முந்தி கார்ப்ரேட்டரும் காயிலும் மட்டும் கெடைச்சிருச்சு. நெசமாவே கோயமுத்தூர்ங்ணா, பில்லு இருக்குதுன்னு லாசரு அடிச்சுச் சொல்றான். நான் எப்ப இல்லைன்னேன்? கொண்டுபோயி மச்சான்கிட்டக் காமிச்சேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா, மொகம் சுருங்கிப் போச்சுங்க. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா ஞாயித்துக்கெழமை நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?"ங்கறாரு. என்ன கேள்விங்க இது? எனக்கு வேற சோலியில்லையா? வண்டி மேல அக்கறையே இல்லாத மனுசன்.

மாட்டுனா அரை மணி நேர வேலைதான். மொத வாரம் ஸ்பேனரை மறந்துட்டுப் போயிட்டேன். அடுத்த வாரம் மழைத் தூறல். போன வாரம் எல்லாம் சரியாத்தான் இருந்துது, பேசிக்கிட்டே இருந்ததுல பொழுது போயிருச்சு. இன்னைக்கும் பைல வெச்சுத்தான் இருக்குது, பாருங்க, துணி சுத்தி வெச்சிருக்கறேன். இன்னைக்கு மாட்டிரலாம்.

மணி என்னங்க ஆச்சு, ஒம்போதரையா? இட்லி ஆறிப் போயிரும், வர்றேங்க. அதென்ன, தெக்க மேகம் கூடுறாப்பல இல்ல? ஈரத்துல இந்த வேலையெல்லாம் பண்ணக் கூடாதுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.